ஒரு பருவம், பல நீர்நிலைகள்: பிரேக் இல்லாத படகுகளின் உலகப் போட்டி

[காட்சி: ஒகேனக்கல் பரிசல் துறை, காலை நேரம்]

வணக்கம். காவிரியில் நீர்வரத்து கூடிவிட்டது என்ற அறிவிப்பு வந்தால், ஒகேனக்கல்லில் பரிசல்கள் எல்லாம் கரையேறிவிடும். எத்தனை ஆண்டு அனுபவம் உள்ள பரிசல் ஓட்டியாக இருந்தாலும், அன்றைய நீர் இடம் கொடுத்தால்தான் துறையில் இறங்க முடியும். முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடே இல்லாத அந்த வட்டப் பரிசலை ஒற்றைத் துடுப்பால் நேராகச் செலுத்துபவர் சுழலையும் பாறையையும் எப்படிக் கணிக்கிறார் என்று பார்த்து வளர்ந்த தருமபுரிக்காரர்களுக்கு, இன்று நான் விளக்கவிருக்கும் விளையாட்டின் அடிப்படை எளிதில் பிடிபடும் என்று நம்புகிறேன்.

அது ஃபார்முலா 1 படகுப் பந்தயம். 1922இல் உருவான சர்வதேச மோட்டார் படகு ஒன்றியத்தின் கீழ், 1981 முதல் இதற்கான உலகப் பட்டப்போட்டி நடந்து வருகிறது. முதல் பட்டத்தை இத்தாலியரான ரெனாட்டோ மொலினாரி வென்றார். பின்னாளில் அதே நாட்டின் குய்டோ கப்பெல்லினி பத்து முறை வென்றார்.

[காட்சி: படகின் குறுக்குவெட்டு வரைபடம்]

படகைப் பாருங்கள். ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். ஓட்டுநரையும் சேர்த்து எடை அரை டன் அளவுதான். இரண்டு ஒல்லியான அடிப்பகுதிகளுக்கு இடையே சுரங்கம் போன்ற ஓர் இடைவெளி இருக்கிறது. வேகம் கூடும்போது அந்த இடைவெளிக்குள் புகும் காற்று அழுத்தம் பெற்றுப் படகை மேலே தூக்குகிறது. அதனால் நீரைத் தொடும் பரப்பு மிகவும் குறைந்து, பின்முனையும் சுழல்விசிறியும் மட்டுமே நீரில் இருக்கும் நிலை வருகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் இந்தப் படகு செல்வதற்குக் காரணம், அது நீரில் மிதப்பதைவிடக் காற்றில் தாங்கி நிற்பதுதான். பல ஆண்டுகளாக இவற்றை இயக்கியது, 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை.

தூக்கும் அதே காற்று கவிழ்க்கவும் செய்யும். எஞ்சின் நீருக்குள் சாய்ந்திருக்கும் கோணத்தை ஓட்டுநர் ஓடும்போதே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மூக்கு சற்று அதிகமாக உயர்ந்த நேரத்தில் எதிர்க்காற்றோ இன்னொரு படகின் அலையோ குறுக்கிட்டால், படகு பின்புறமாகப் புரண்டுவிடும். முன்பு ஓட்டுநர்கள் இருக்கைப் பட்டை இல்லாமல்தான் உட்கார்ந்தார்கள். கவிழும்போது வெளியே தூக்கி எறியப்படுவதே தப்பிக்கும் வழி என்று கருதப்பட்டது. 1984இல் ஓட்டுநர்கள் அடுத்தடுத்து உயிரிழந்த பிறகுதான், பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் ஹாட்ஜஸ் உருவாக்கிய பாதுகாப்புக் கூண்டு பரவலாயிற்று. படகு சிதறினாலும் ஓட்டுநர் அமர்ந்திருக்கும் கூண்டு சிதையாது. ஆனால் இப்போது அவர் பட்டையால் கட்டப்பட்டு, தலைகீழாக நீருக்குள் இருக்கிறார். ஆகவே கவிழ்ந்த கூண்டிலிருந்து வெளியேறும் பயிற்சித் தேர்வில் தேறாதவர் பந்தயத்தில் இறங்க முடியாது. இந்த விளையாட்டில் நான் மிகவும் மதிக்கும் விதி இதுதான்.

[காட்சி: உலக வரைபடத்தில் பந்தய இடங்கள்]

ஒரு பருவம் எப்படி நகர்கிறது என்பதற்கு 2018ஐ எடுத்துக்கொள்வோம். மே மாதம் போர்ச்சுகலின் போர்ட்டிமாவோவில், கடலை நெருங்கும் ஆற்றில் தொடங்கியது. ஜூனில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு லண்டனுக்கு வந்தது. அங்கே ராயல் விக்டோரியா துறையின் கற்சுவர்களில் மோதும் அலை அடங்காமல் பந்தயப் பாதைக்கே திரும்பி வரும். பிறகு பிரான்சின் ஏவியானில், மலைக்காற்று தடையின்றி வீசும் ஜெனீவா ஏரி. நவம்பரில் நம் பக்கத்து மாநிலமான ஆந்திரத்தின் அமராவதி, கிருஷ்ணா நதி. டிசம்பரில் அபுதாபியும் ஷார்ஜாவும். ஓரிடத்தில் சரியாக அமைந்த எஞ்சின் உயரமும் சுழல்விசிறியும் அடுத்த இடத்தில் பொருந்துவதில்லை என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் அணிகள் ஏறக்குறைய முதலிலிருந்தே கணக்குப் போடுகின்றன.

மதிப்பெண் முறையும் இதற்கு ஏற்றபடி இருக்கிறது. முதலிடத்துக்கு 20, இரண்டாம் இடத்துக்கு 15, மூன்றாம் இடத்துக்கு 12 என்று இறங்கி, பத்தாம் இடத்துக்கு 1 கிடைக்கும். ஒரு பந்தயத்தை வென்று அடுத்ததில் கவிழ்ந்தவரிடம் 20 இருக்கும். இரண்டிலும் இரண்டாவதாக வந்தவரிடம் 30 இருக்கும். முந்தும் வாய்ப்பைக்கூடச் சில நேரம் விட்டுக்கொடுக்கத் தெரிந்தவரே பருவத்தின் இறுதியில் மேலே நிற்கிறார். 2018இல் அப்படி நின்றவர் அபுதாபி அணிக்காக ஓட்டிய அமெரிக்கர் ஷான் டோரன்டே.

இதில் இன்னொருவருக்கும் பங்குண்டு. முன்னால் செல்லும் படகு வாரியடிக்கும் நீர்த்திவலையில் ஓட்டுநருக்குப் பாதை மறைந்துபோகும். அதனால் கரையில் உயரமான ஓரிடத்தில் நின்று, பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவைகளில் எதனருகே யார் இருக்கிறார், எந்தப் பக்கம் இடம் கிடைக்கும் என்று ரேடியோவில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். சுற்று முழுவதும் ஓட்டுநர் அவருடைய கண்ணையே நம்பி ஓட்டுகிறார்.

[காட்சி: கிருஷ்ணகிரி அணை, நீர்த்தேக்கம்]

நம் கிருஷ்ணகிரி அணையில் இதை நடத்த முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அமராவதிப் பந்தயத்துக்கு உதவியது, விஜயவாடாவின் பிரகாசம் தடுப்பணை தேக்கி வைக்கும் அகலமான, அமைதியான நீர்ப்பரப்பு. தென்பெண்ணை நீரைத் தேக்கும் நம் அணையும் அவ்வகைதான். மழைக்குப் பிறகு 52 அடி என்ற முழு அளவை ஒட்டி நிற்கும் நாட்களில் பரப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நீர் பாசனத்துக்கு உரியது. திறந்துவிடத் திறந்துவிடக் கரை உள்ளே வந்துகொண்டிருக்கும். சுமார் 2 கிலோமீட்டர் பாதைக்கு மிதவைகளை நிறுத்த வேண்டுமானால், நாற்று நடும் காலம் எது, மதகு மூடியிருக்கும் வாரம் எது என்று ஆயக்கட்டு விவசாயிகளிடம்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.