40 மில்லிவினாடியில் கிழியும் ஜவ்வு

(திரையில்: கூடைப்பந்து வீராங்கனை ஒருவர் எம்பிப் பந்தைப் பிடித்துத் தரையிறங்குகிறார். காட்சி மெதுவாக நகர்கிறது.)

நல்லா பாருங்க, இவரை யாரும் இடிக்கவில்லை. பந்தைப் பிடித்தார், ஒற்றைக் காலில் இறங்கினார், முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான், ஏசிஎல் போய்விட்டது. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் ஜவ்வு அது. கிழியும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள்.

ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு இப்படி நடந்த 10 சம்பவங்களின் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக அலசிய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. கால் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லிவினாடிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. ஒருமுறை கண் சிமிட்டவே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ‘பார்த்து இறங்கு’ என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தி என்ன பிரயோஜனம்? மூளை சுதாரிப்பதற்குள் கதை முடிந்துவிடும். யோசிக்காமலே சரியாக இறங்க உடம்பு முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

(திரையில்: இருவர் குதித்து இறங்குகிறார்கள். ஒருவரின் முட்டி உள்ளே சாய்கிறது, மற்றவரின் முட்டி பாதத்துக்கு நேராக மடங்குகிறது.)

இதைப் பழக்கத்தான் கால்பந்து ஆடுபவர்களுக்காக ஃபிஃபா 11+ என்ற வார்ம் அப் வந்தது. 20 நிமிடம், 15 பயிற்சிகள்: ஓட்டம், பலம், பேலன்ஸ், குதித்து இறங்குவது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் சுமார் 1,900 பேரிடம் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் காலில் ஏற்படும் காயங்களை மட்டும் மொத்தமாக எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு உறுதியாக இல்லை. இதையும் சொல்லித்தான் ஆகணும். அப்புறம் ஒரு விஷயம், ஒழுங்காக, அடிக்கடி செய்த அணிகளுக்குத்தான் பலன் அதிகம். என்னைக் கேட்டால் சிக்கலே அங்கேதான், பயிற்சி நேரம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது வார்ம் அப்தானே.

ஸ்ட்ரெச்சிங் போதாதா என்று கேட்பீர்கள். 2014இல் 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் ஸ்ட்ரெச்சிங்கால் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை, பலப் பயிற்சிதான் பெரிய அளவில் குறைத்தது.

சரி, ஏற்கெனவே கிழிந்து ஆபரேஷனும் ஆனவர்கள்? அவசரப்படாதீர்கள். வலி போய்விட்டது, ஓட முடிகிறது என்பதெல்லாம் ஜவ்வு தேறிவிட்டதற்கு அடையாளம் இல்லை. புதிதாக வைத்த ஜவ்வு உள்ளே மெதுவாகத்தான் தேறும், முதல் சில மாதங்களில் அது இன்னும் பலவீனமாகவே இருக்கும். களத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்டால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுபடி அடிபடும் வாய்ப்பு பாதியளவு குறைந்ததாக 2016இல் வந்த நார்வே ஆய்வு சொல்கிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது, அடிபட்ட காலின் தொடைத் தசைப் பலம் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று பிசியோவிடம் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: தரையில் நிமிர்த்தி வைத்த போன், எதிரே ஒருவர் குதிக்கத் தயாராக நிற்கிறார்.)

முட்டியில் வலியோ காயமோ இல்லாதவர்கள் போனை இப்படி முன்னால் வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்துக்கொண்டே ஒரு தடவை குதித்து இறங்குங்கள். கால் தரையைத் தொடும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, முட்டிச் சில்லு எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.