டைனக்கோ ஸ்டீரியோ 70: பழைய வால்வ் ஆம்ப்ளிஃபையரை உயிர்ப்பிப்பது எப்படி? | விளக்க வீடியோ

[திரையில்: குரோம் சேசிஸ் மேல் நான்கு ஈஎல்34 வால்வுகள் செம்மஞ்சளாக ஒளிர்கின்றன]

வணக்கம். இந்த ஆம்ப்ளிஃபையரின் பெயர் டைனக்கோ ஸ்டீரியோ 70. 1959-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டேவிட் ஹாஃப்லரின் நிறுவனம் வெளியிட்டது. சேனலுக்கு 35 வாட். ஸ்பீக்கரை ஓட்டுவது மேலே ஒளிரும் நான்கு ஈஎல்34 வால்வுகள். பாகங்களாக வாங்கி வீட்டு மேசையிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டாகவே பெரும்பாலும் விற்றது. அதனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கையின் வயரிங் இருக்கும், தப்பும் இருக்கும். யாரோ முன்பு பூட்டிய செட்டைத் திறக்கிறோம் என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள்.

இதை வாங்கியதும் பலர் தேடுவது விலை உயர்ந்த கெப்பாசிட்டரையும், ஈஎல்34-களுக்குச் சிக்னல் தரும் புது டிரைவர் போர்டையும்தான். அதெல்லாம் பிறகு. இந்த செட்டில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் பயாஸ் சப்ளை, அதாவது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் நெகட்டிவ் வோல்டேஜைத் தரும் பகுதி. நான்கு ஈஎல்34-உம் பவர் ட்ரான்ஸ்பார்மரும் பிழைப்பதும் எரிவதும் அந்தச் சின்ன சர்க்யூட்டின் கையில் இருக்கிறது.

அதற்கு முன் பாதுகாப்பு. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சார்ஜ் கெப்பாசிட்டரில் தங்கலாம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்று சேசிஸில், அதாவது உலோக உடம்பில், மற்றொன்று பெரிய டப்பாக் கெப்பாசிட்டரின் முனையில். பத்து வினாடி வைத்துவிட்டு மீட்டரில் பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால்தான் கை உள்ளே போகலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். கெப்பாசிட்டரும் கெடும், பொறி கண்ணிலும் தெறிக்கும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதன் ட்ரான்ஸ்பார்மர் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கணக்கில் சுற்றியது. நம் 50 ஹெர்ட்ஸில் அதே வோல்டேஜ் கொடுத்தால் அதன் இரும்புக் கோருக்குள் காந்த ஃப்ளக்ஸ் 20 சதவீதம் கூடும், சூடும் கூடும். 230-ஐக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மரில் 110 வோல்ட் முனை இருந்தால் அதையே எடுங்கள். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, 5.9 வோல்ட் அளவு வரும். வழக்கமான 6.3-இல் பத்து சதவீதம் குறையலாம் என்பதால் அது பரவாயில்லை.

[திரையில்: சேசிஸின் அடிப்பக்கம். தகடுகள் அடுக்கிய சின்னப் பாகத்தை நெருங்கிக் காட்டவும்]

இப்போது பயாஸ். சின்னத் தகடுகளை அடுக்கினாற்போல் தெரிகிறதே, இதுதான் ஏசியை டிசியாக்கும் செலினியம் ரெக்டிஃபையர். வயதாக ஆக இதன் உள் தடை ஏறும். அப்போது ஈஎல்34-இன் கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் முனைக்குப் போகும் நெகட்டிவ் வோல்டேஜ் இறங்கும். நெகட்டிவ் இறங்கினால் வால்வு வழியாகக் கரண்ட் ஏறும், வால்வுக்குள் அந்தக் கரண்டை வாங்கும் பிளேட் சூட்டில் சிவக்கும். வால்வு போச்சு என்று புது வால்வு வாங்கிப் போடுவார்கள். அதுவும் சிவக்கும். குற்றவாளி வால்வு இல்லை, இந்தத் தகடுதான்.

கழற்றிவிட்டு 1என்4007 டயோடு ஒன்று போடுங்கள். வெள்ளைக் கோடு உள்ள முனை ட்ரான்ஸ்பார்மர் பக்கம். நாம் எடுப்பது நெகட்டிவ் சப்ளை என்பதால் வழக்கத்துக்கு நேர் எதிர். பக்கத்தில் இருக்கும் இரண்டு பயாஸ் கெப்பாசிட்டர்களையும் 100 மைக்ரோஃபாரட், 100 வோல்ட்டாக மாற்றுங்கள். அவற்றின் பாசிட்டிவ் முனை சேசிஸுக்கு, நெகட்டிவ் முனை சர்க்யூட்டுக்கு. இதைத் திருப்பிப் போடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. திருப்பிப் போட்ட கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் பயாஸ் முழுதாகக் காணாமல் போகும், நான்கு வால்வும் ஒன்றாகச் சிவக்கும்.

அடுத்து பயாஸ் பாட், அதாவது அந்த நெகட்டிவ் வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர். நடு முனையின் தொடர்பு விட்டுப்போனால் கிரிட் அந்தரத்தில் நிற்கும், வால்வு கட்டுமீறி ஓடும். நடு முனையிலிருந்து பாட்டின் அதிக நெகட்டிவ் முனைக்கு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். பிறகு தொடர்பு விட்டாலும் கிரிட் முழு நெகட்டிவுக்குப் போய் வால்வு அடங்கிவிடும். சில ரூபாய் ரெசிஸ்டர், காப்பாற்றுவது நான்கு ஈஎல்34.

[திரையில்: நான்கு பிரிவு உள்ள அலுமினிய டப்பாக் கெப்பாசிட்டர்]

அடுத்தது இந்த டப்பா. உள்ளே 30, 20, 20, 20 மைக்ரோஃபாரட் என நான்கு பிரிவு, 525 வோல்ட். உச்சி உப்பியிருந்தாலோ, அடியில் பிசின் கசிந்திருந்தாலோ, ஸ்பீக்கரில் ஹம் விடாமல் கேட்டாலோ மாற்ற வேண்டியதுதான். வெளியே ஒழுங்காகத் தெரிந்தாலும் 60 வருடப் பழசை நம்ப முடியாது. அதே அளவில் புது டப்பா கிடைக்கிறது. 80, 40, 30, 20 என்று பெரிய மதிப்புள்ளதும் கிடைக்கிறது. அதை எடுத்தால் 80 பிரிவை ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபையர் வால்வுக்கு நேரே கொடுக்காதீர்கள். ஜிஇசட்34-க்கு முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்விட்ச் போடும்போதெல்லாம் உள்ளே பொறி அடித்து அது சீக்கிரம் போகும். ரெக்டிஃபையர் பக்கம் 30, ஹம்மை வடிகட்டும் சோக் சுருளுக்குப் பின்னால் 80 என்று வயர் செய்யுங்கள். டப்பாவோடு சேர்ந்திருக்கும் 6.8 கிலோ ஓம், 22 கிலோ ஓம் ரெசிஸ்டர்களையும் அளந்து பாருங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர் மதிப்பு ஏறிப்போயிருக்கும். 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் மாற்றுங்கள்.

ஜிஇசட்34-ஐக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் டயோடு வைத்த சிலிக்கான் பிளக் செருகும் ஐடியா எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஹீட்டர் சூடாகும் முன்பே முழு வோல்டேஜும் பாயும், வோல்டேஜும் கூடும். ஜிஇசட்34 இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் ஒவ்வொரு பிளேட்டுக்கும் போகும் வயரில் இரண்டு 1என்4007-ஐ வரிசையாகச் சேருங்கள், வெள்ளைக் கோடு வால்வு பக்கம். ட்ரான்ஸ்பார்மரின் வைண்டிங் 360-0-360 வோல்ட் என்பதால் ரிவர்ஸில் 1000 வோல்ட்டைத் தாண்டும், ஒரு டயோடு போதாது. நாளை வால்வு உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் ட்ரான்ஸ்பார்மர் தப்பும்.

இனி டிரைவர் போர்டு. இதில் டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர், சேனலுக்கு இரண்டு. இவை லீக் ஆனால் டிரைவர் பக்கத்து பாசிட்டிவ் வோல்டேஜ் ஈஎல்34 கிரிட்டுக்குள் கசியும். கிரிட் ரெசிஸ்டர் 270 கிலோ ஓம். வெறும் 37 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே பயாஸ் 10 வோல்ட் நகர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத லீக்குக்கு ஒரு வால்வு பலி. 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போடுங்கள். மதிப்பு மட்டும் அதே 0.1. பேஸ் கூடும் என்று 0.47 போட்டால் ஃபீட்பேக்குக்குள் (அவுட்புட்டின் ஒரு பகுதி திரும்பி உள்ளே வரும் வழி) கீழ் அலைவரிசை நிலை தடுமாறும், ஸ்பீக்கர் கோன் தானாக முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும்.

அதே போர்டில் சிக்னலை எதிரெதிர் இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் ஸ்ப்ளிட்டருக்கு இரண்டு 47 கிலோ ஓம். இரண்டும் ஒன்றுக்கொன்று 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சமமில்லை என்றால் புஷ்-புல் ஜோடியாக வேலை செய்யும் இரண்டு ஈஎல்34-உம் சமமாக இழுக்காது. ஈயத்தை எடுக்கும்போது சூட்டை அளந்து கொடுங்கள், இந்தப் பழுப்பு போர்டில் செப்புப் பட்டை லேசில் உரிந்து வரும். டிரைவர் வால்வு 7199. இதன் பழைய அமெரிக்கத் தயாரிப்பு எப்போதோ நின்றது. மாற்றாகச் சொல்லும் 6ஜிஎச்8ஏ-வின் கால்கள் (பின்கள்) இருக்கும் வரிசை வேறு. அடாப்டர் இல்லாமல் செருகினால் கெடும்.

[திரையில்: சீரிஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்ப்]

முதல் முறை ஆன் செய்யும்போது சீரிஸ் போர்டு கட்டாயம். 230 வோல்ட் பக்கம், ஸ்டெப் டவுனுக்கு முன்னால் 100 வாட் குண்டு பல்ப். எல்லா வால்வையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்ப் பளிச்சென்று மின்னி மங்க வேண்டும். பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். மங்கிவிட்டால் நான்கு ஈஎல்34 சாக்கெட்டிலும் 5-ஆம் பின்னை, அதாவது கிரிட்டை அளங்கள். நான்கிலும் நெகட்டிவ் வோல்டேஜ் வர வேண்டும், பாட்டைத் திருப்பினால் மாற வேண்டும். ஒன்றில் வரவில்லை என்றாலும் அந்த இடத்தைச் சரிசெய்யும்வரை வால்வைத் தொடாதீர்கள். இரண்டு பாட்டையும் அதிக நெகட்டிவில் நிறுத்துங்கள்.

பிறகு ஸ்பீக்கர் முனையில் ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டர், அதாவது டம்மி லோடு. லோடு இல்லாமல் வால்வ் ஆம்ப்ளிஃபையரில் சிக்னல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் கிழியும். இந்த செட்டில் விலை மதிப்புள்ள பாகமே அதுதான். வால்வுகளை மாட்டியதும் சீரிஸ் பல்ப் மங்கலாக எரிந்துகொண்டேதான் இருக்கும். ஹீட்டர்களே 50 வாட்டுக்கு மேல் இழுக்கும், பயப்பட வேண்டாம். சிவப்பு ஏதும் இல்லை என்றால் பல்பை விலக்கிவிட்டு நேராகக் கொடுங்கள்.

ஆன் செய்த கணமே ஊளையிட்டால், யாரோ அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் நீல வயரையும் நீல-வெள்ளை வயரையும் இடம் மாற்றியிருக்கலாம். ஃபீட்பேக் தலைகீழாகிவிட்டது. பச்சையையும் பச்சை-வெள்ளையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பயாஸ் செட்டிங். ஒவ்வொரு சேனலுக்கும் 15.6 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன் வழியாக இரண்டு வால்வின் கரண்டும் சேர்ந்து போகிறது. தொழிற்சாலைக் கணக்கு 1.56 வோல்ட், அதாவது வால்வுக்கு 50 மில்லிஆம்பியர். எங்கள் கருத்தில் அது அதிகம். நான்கு வால்வும் சேர்ந்து 200 மில்லிஆம்பியர் இழுக்கும்போது பவர் ட்ரான்ஸ்பார்மர் கை வைக்க முடியாத சூடாகும். 1.25 வோல்ட்டில் நிறுத்துங்கள். வால்வுக்கு 40. இசைக்கு ஒரு குறையும் வராது.

செய்ய வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. ஒரே ரெசிஸ்டரில் இரண்டு வால்வை அளந்தால், ஒன்று 55-உம் மற்றொன்று 25-உம் இழுத்தாலும் மீட்டர் 1.25 என்றுதான் சொல்லும். 15.6 ஓமை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வால்வின் 1, 8-ஆம் பின்களைச் சேர்த்து தனித்தனி 10 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் வழியாக சேசிஸுக்குக் கொடுங்கள். 0.40 வோல்ட் என்றால் 40 மில்லிஆம்பியர். இனி வால்வுக்கு ஒரு பாட், மொத்தம் நான்கு. பழைய 10 கிலோ ஓமையே நான்கு போட்டால் பயாஸ் சப்ளைக்கு லோடு இரட்டித்து வோல்டேஜ் சரியும். 20 அல்லது 22 கிலோ ஓம் பாட் போடுங்கள், பாட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள ரெசிஸ்டரையும் இரண்டு மடங்காக்குங்கள். 270 கிலோ ஓம் ஒவ்வொன்றும் தன் பாட்டின் நடு முனைக்கு. 220 கிலோ ஓம் காவல் ரெசிஸ்டர் நான்கு பாட்டுக்கும் வேண்டும்.

கடைசியாக 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னல். 8 ஓமில் 35 வாட் என்றால் மீட்டரில் 16.7 வோல்ட் ஏசி. இன்புட்டில் சுமார் 1.3 வோல்ட் கொடுத்தால் இது வர வேண்டும். ஒரு சேனல் குறைந்தால் முதலில் இரண்டு பக்கத்து 7199-ஐ மாற்றிப் பாருங்கள், குறை கூடவே நகர்ந்தால் வால்வுதான். அரை மணி நேரம் ஓடிய பிறகு நான்கு 10 ஓமிலும் மறுபடி அளங்கள். சூட்டில் நகர்ந்திருக்கும். திரும்ப 0.40-க்குக் கொண்டுவந்துவிட்டு, அடித்தட்டைப் பூட்டலாம்.