மொரிட்டேனியாவின் 192 அடுப்புகள்

அவைக்கு வணக்கம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கைக் கடந்த பெரிய பயணிகள் கப்பல்களில் தினமும் நண்பகலில் ஓர் எண்ணை அறிவிப்பார்கள். நேற்று நண்பகலிலிருந்து இன்று நண்பகல் வரை கப்பல் எத்தனை கடல் மைல் ஓடியது என்ற கணக்கு அது. முந்தின இரவே முதல் வகுப்பின் புகைபிடிக்கும் அறையில் அதன்மேல் பந்தயம் கட்டியிருப்பார்கள். எண்களை ஏலம் விடுவார்கள், கனவான்கள் போட்டி போட்டுக் கேட்பார்கள், சரியான எண்ணை எடுத்தவருக்கு மொத்தப் பணமும் போகும். அந்த எண் எங்கே, யார் கையால் உருவானது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பேச்சு அலையாமல் இருக்க ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் மொரிட்டேனியா. இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் கட்டி, 1906 செப்டம்பரில் நீரில் இறக்கினார்கள். மறு ஆண்டு நவம்பரில் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் போனது. நீளம் 790 அடி. பொறியாளர் பார்சன்ஸ் கண்டுபிடித்த நீராவிச் சுழலி (டர்பைன்), நீருக்கடியில் கப்பலை உந்தும் அதன் நான்கு விசிறிகளையும் சுழற்றியது. இதற்கும் இதன் ஜோடிக் கப்பலான லூசிடேனியாவுக்கும் சேர்த்து பிரிட்டிஷ் அரசு குனார்ட் கப்பல் நிறுவனத்துக்கு 26 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. போர் வந்தால் கடற்படைக்குப் பயன்பட வேண்டும், வேகம் குறையக்கூடாது என்பது நிபந்தனை. 1909இல் 4 நாள், 10 மணி, 51 நிமிடத்தில் கடலைக் கடந்து மேற்குத் திசைச் சாதனையைப் படைத்தது. 1929இல் ஜெர்மனியின் பிரெமென் கப்பல் வரும்வரை அந்தச் சாதனையை எவராலும் தொட முடியவில்லை.

இனி கீழே இறங்குவோம். நம்மில் மூத்தவர்கள் நீராவி ரயிலைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரே ஓர் அடுப்பு, அதற்குக் கரி தள்ள ஃபயர்மேன். மொரிட்டேனியாவில் 25 பாய்லர்கள், அவற்றுக்கு 192 அடுப்புகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் டன் கரி எரிந்தது. கணக்குப் போட்டால் ஓர் அடுப்புக்கு 5 டன்னுக்கு மேல் வருகிறது. அத்தனையும் மண்வெட்டியால், மனிதன் கையால் போட்டது! ஃபயர்மேன்களும், அவர்களுக்குக் கரி கொண்டுவந்து கொட்டும் ட்ரிம்மர்களுமாக 300க்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலையில் இருந்தார்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம். நடுக்கடலில் ஞாயிற்றுக்கிழமை ஏது?

கரியை வாரி வீசினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்பின் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறையும். கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் சூடு வீணாகும், அதனால் கை வேகமாக ஓட வேண்டும். கரி ஓரிடத்தில் குவியாமல், அடுப்பின் கடைசிவரை சீராகப் பரவ வேண்டும். கொஞ்ச நேரத்தில் நீண்ட இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, கெட்டிப்பட்ட கசடைப் பெயர்த்து வெளியே இழுக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் காலடியில் தரையே சாயும். அப்போதும் குறி தப்பாமல் போட்டார்களே, அதைத் தொழில் திறமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? இவர்களைப் படிக்காத முரடர்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

ட்ரிம்மர்களின் பாடு இன்னும் கடினம். கப்பலின் பக்கவாட்டில் இருக்கும் கரிக்கிடங்குகளின் இருட்டிலிருந்து கரியை வெட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, அடுப்படிக்குக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். முதல் நாள் கரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பயணம் போகப்போகக் கிடங்கு குறையும், நடை நீளும். கரை நெருங்கி மேலே பயணிகள் மகிழ்ந்திருக்கும் நேரத்தில்தான் இவர்களுக்குச் சுமை உச்சத்தில் இருக்கும். கூலியோ ஃபயர்மேனுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. முறை முடிந்து ஏறிவருபவர்களுக்கு, மேல் வகுப்பு விருந்தில் மிஞ்சியதை ஒரு பாத்திரத்தில் போட்டு வைக்கும் வழக்கம் லிவர்பூல் கப்பல்களில் இருந்தது. ‘பிளாக் பான்’ என்பார்கள். அதைச் சலுகையாகவே எண்ணி ஆவலோடு காத்திருந்தார்கள்.

மேலே நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை பதினொரு மணிக்குச் சாய்வு நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு சூடான சூப், மாலையில் உடை மாற்றிக்கொண்டு விருந்து, ஓரிரவு பயணிகளே பாடி நடத்தும் கச்சேரி. அந்தக் கச்சேரியில் மாலுமிகளின் அனாதைப் பிள்ளைகளுக்காக நிதி திரட்டுவார்கள். நல்ல மனம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏன் அனாதைகள் ஆனார்கள் என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் வகுப்பில் ஏறத்தாழ 560 பேருக்கு இடம். மூன்றாம் வகுப்பில் 1,100 பேருக்கு மேல். அட்லாண்டிக் கப்பல் தொழிலுக்கே முதுகெலும்பு இந்த மூன்றாம் வகுப்புதான். ஊரை விட்டு, நிலத்தை விட்டு அமெரிக்காவில் பிழைக்கப் போனவர்களின் சீட்டுப் பணம் அது. பழைய கப்பல்களில் படுக்கையையும் தட்டையும் அவர்களே கொண்டுவர வேண்டும், பெரிய கூடத்தில் அடுக்கடுக்காகப் படுக்க வேண்டும். மொரிட்டேனியாவில் சிறு அறைகளும் சாப்பாட்டுக் கூடமும் இருந்தன. உண்மையிலேயே முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் நியூயார்க் வந்ததும் வேற்றுமை வெளிப்பட்டுவிடும். முதல் இரண்டு வகுப்பினரைக் கப்பலிலேயே சோதித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பினர் படகில் ஏறி, குடியேற வருபவர்களைச் சோதிக்கும் எல்லிஸ் தீவுக்குப் போக வேண்டும். அங்கே மருத்துவர் சந்தேகப்பட்டால் மேல்சட்டையில் சாக்குக்கட்டியால் ஓர் எழுத்து எழுதுவார். கண்நோய் இருக்கிறதா என்று பார்க்க இமையை மடித்துத் திருப்புவார்கள். பலர் பொத்தான் மாட்டும் கொக்கியால் அதைச் செய்தார்கள். நூற்றில் சுமார் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு குடும்பத்தில் அந்த ஒருவர் குழந்தையாக இருந்தால் தாய் என்ன செய்வாள், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இரண்டு மாற்றங்கள் இந்த வாழ்வை முடித்தன. முதல் உலகப்போருக்குப் பின் கரிக்குப் பதில் எண்ணெய் வந்தது. ஒலிம்பிக் கப்பலில் எஞ்சின் பகுதி ஆட்கள் ஏறத்தாழ 350இலிருந்து 60ஆகக் குறைந்தார்கள். 1921இல் தீப்பிடித்த பின் மொரிட்டேனியாவும் எண்ணெய்க்கு மாறியது. உடலை உருக்கிய வேலை ஒழிந்தது நன்மைதான், ஆனால் கூடவே அத்தனை குடும்பங்களின் சம்பளமும் ஒழிந்தது. 1924இல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடும் வரம்பு விதித்தது. மூன்றாம் வகுப்பு காலியானதும், அதே இடத்தைச் சீர்செய்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுற்றுலா வகுப்பாக விற்றார்கள்.

1935இல் மொரிட்டேனியாவை உடைத்தார்கள். அதற்கு முன் அதன் மரவேலைப்பாடுகளை ஏலம் விட்டார்கள். அந்தப் பலகைகளில் சில பிரிஸ்டல் நகரின் பார்க் தெருவில் ஒரு மதுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடுப்படியிலிருந்து ஏலம் போக எதுவுமில்லை. ஆனால் பெயர்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் 1915ஆம் ஆண்டு ஊழியர் பட்டியல்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். வயது, பிறந்த ஊர், வீட்டு முகவரி எல்லாம் அவற்றில் உண்டு. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் யாராவது ஒரு கப்பலின் பட்டியலைத் திறந்து, ஃபயர்மேன், ட்ரிம்மர் என்று போட்டிருக்கும் வரிகளை மட்டும் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.