வாலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர், வன்னியில் காலபோக நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். பக்கத்து ஊர் வயலில் சிறுத்தைக் குட்டி ஒன்று அகப்பட்டிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னார். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு பனையோலைக் கடகத்துக்குள், சாக்குத் துண்டின் மேல், கண் திறந்து சில நாள்களே ஆன குட்டி சுருண்டு கிடந்தது. சாம்பல் நிற மயிர், அதன்மேல் கரும்புள்ளிகள். சுற்றி நின்றவர்களுக்குச் சந்தேகமே இல்லை, சிறுத்தைக் குட்டிதான் என்றார்கள். நான் குட்டியைத் தொடாமல் கடகத்தை மெல்லச் சரித்து, வால் எங்கே என்று தேடினேன். கட்டையான, குட்டை வால். அது சிறுத்தை அல்ல, மீன்பிடிப் பூனை.

வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொன்னோம். அவர்கள் வந்து பார்த்த பிறகு, பொழுதுபடும் நேரத்தில் அதே வாய்க்கால் ஓரத்துப் பன்புல் பற்றைக்குள் கடகத்தை வைத்துவிட்டு எல்லோரும் விலகிவிட்டோம். விடிய வந்து பார்த்தபோது கடகம் வெறுமையாக இருந்தது. ஈரச் சேற்றில் தாயின் காலடிகள் வாய்க்கால் பக்கமாகப் போயிருந்தன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கைக் காடுகளில் விலங்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது, எதை வைத்து அடையாளம் காண்பது என்பதைத்தான். நிறத்தை நம்பாதீர்கள். காலை வெயிலில் ஒரு நிறம், மழை நனைந்தால் வேறு நிறம். முகத்தை அது காட்டாது. ஓடும் விலங்கு கடைசியாக நமக்குக் காட்டிவிட்டுப் போவது வாலைத்தான். ஆகவே வாலைப் பாருங்கள்.

இந்தத் தீவில் காட்டில் வாழும் பூனையினம் நான்கு. சிறுத்தையின் வால் அதன் உடல் நீளத்தில் பாதிக்கும் மேல் இருக்கும். மரக்கிளையில் படுத்திருக்கும்போது உடல் இலைக்குள் மறைந்தாலும் வால் கயிறுபோலத் தொங்கும். மீன்பிடிப் பூனைக்கு வால் உடலில் பாதிகூட இராது. அதன் புள்ளிகள் சிறுத்தையினுடையவைபோல வளையங்கள் அல்ல, நிறைந்த புள்ளிகள், வரிசையாக ஓடும். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில்கூட இந்தப் பூனை வாழ்கிறது. காட்டுப்பூனைக்கு உடலில் புள்ளியே இல்லை, நீண்ட கால்கள், குட்டை வாலின் நுனிப்பக்கத்தில் கறுப்பு வளையங்கள். நான்காவது, துருநிறப் புள்ளிப் பூனை. நன்கு வளர்ந்ததுகூட ஒன்றரைக் கிலோ அளவுதான் இருக்கும், வீட்டுப் பூனையைவிடச் சிறியது. உலகத்தின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று நம் காட்டில் எலி பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கீரியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நான்கு வகை உண்டு. வீதியைக் கடக்கும் கீரியை இரண்டு விநாடிதான் காண்போம். அந்த இரண்டு விநாடிக்குள் வால் நுனி கறுப்பா இல்லையா என்று பார்த்துவிடுங்கள். கறுப்பு நுனியை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு போனால் அது செங்கீரி. வால் நுனி கறுப்பாக இருந்து, உடம்பும் பருமனாக, கழுத்தின் பக்கத்தில் ஒரு கறுப்புப் பட்டையும் ஓடினால் அது பட்டைக்கழுத்துக் கீரி, நான்கிலும் பெரியது. கறுப்பு நுனி இல்லையென்றால் மற்ற இரண்டில் ஒன்று: சாம்பல் கீரி, அல்லது கபிலக் கீரி.

சிறுத்தை பார்க்க வேண்டும் என்ற ஆசையோடுதான் பெரும்பாலானோர் யால, வில்பத்து தேசியப் பூங்காக்களுக்குப் போகிறார்கள். அந்த ஆசை நியாயமானதே. இந்தத் தீவில் இன்று சிங்கமும் இல்லை, புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. சிறுத்தைக்கு மேல் ஒரு வேட்டை விலங்கு இல்லாததால்தான் அதைப் பட்டப்பகலில் மணல் வீதியில் காணும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது. ஆனால் தொலைபேசியில் செய்தி வந்ததும் ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரே இடத்துக்குப் பாய்வதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. ஒரு வில்லுக் கரையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருந்து பாருங்கள். வில்பத்துவின் அந்த இயற்கை நீர்நிலைகளைச் சுற்றி எப்போதும் புள்ளிமான்கள் மேயும். ஒரு மான் திடீரென்று தலையை நிமிர்த்தும். முன்னங்காலால் நிலத்தைத் தட்டும். வால் செங்குத்தாக எழும்பும், அதன் அடிப்பக்க வெள்ளை பளிச்சென்று தெரியும். பிறகு கூரான ஒரு குரல். மரத்தின் மேலிருந்து சாம்பல் மந்தி தொண்டையைச் செருமுவதுபோல் பதில் கொடுக்கும். எல்லா மான்களும் ஒரே பக்கம் பார்க்கின்றன அல்லவா, நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள். தொலைபேசி தேவைப்படாது.

கரடியைக் காண ஆனி, ஆடியில் போங்கள். பாலைப்பழம் பழுக்கும் காலம் அது. கரடி மரத்தின் மேலேயே இருக்கும். நடந்து காட்டுக்குள் போகிறவர்கள் மட்டும் அந்த மாதங்களில் மிகக் கவனமாக இருக்க வேண்டும், வன்னி மக்கள் யானையைவிடக் கரடிக்கே அஞ்சுவார்கள்.

யானையை அடையாளம் காண யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 யானைகள் என்று எண்ணினார்கள். ஆனால் இந்த யானை எது, நேற்றுப் பார்த்ததா, வேறா என்று கேட்டால் அங்கேதான் வேலை தொடங்குகிறது. ஆவணி, புரட்டாதியில் மின்னேரியாக் குளத்தில் தண்ணீர் வற்றிப் புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும். அங்கே ஒரு கொப்பியும் பென்சிலுமாக இருந்து பாருங்கள். ஒன்றுக்கு வால் நுனியில் மயிர் இரண்டு பக்கமும் நிறைந்திருக்கும், ஒன்றுக்கு ஒரு பக்கம் உதிர்ந்திருக்கும், இன்னொன்றுக்கு வால் பாதியில் அறுந்திருக்கும். காதுக் கிழிசலையும் சேர்த்து வரைந்து வைத்தால், அடுத்த வருடம் அதே யானையை நீங்கள் பெயர் வைத்துக் கூப்பிடலாம்.

கடலிலும் இதே கதைதான். திருகோணமலைக்கு வெளியே நீலத்திமிங்கிலம் ஆழத்துக்குப் போகும்போது வாலைத் தூக்கிக் காட்டும். அந்த வால் படகுக்கு முன்னால் கிடையாக விரியும். மீனுக்கு வால் செங்குத்தாக நிற்கும், பாலூட்டிக்குக் கிடையாக இருக்கும். மன்னார்க் கடலில் கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கும் அப்படித்தான். வலையில் அகப்பட்டால் அதை உயிரோடு விட்டுவிடும்படி மன்னார் மீனவர்களை நான் கைகூப்பிக் கேட்கிறேன். எண்ணிக்கையில் மிகவும் குறைந்துபோன உயிர் அது.

கடைசியாக ஒன்று. மெலிந்த பிள்ளையைத் 'தேவாங்கு மாதிரி' என்று ஏசுகிறோம். தேவாங்கை நேரில் கண்டவர்கள் அப்படி ஏசமாட்டார்கள். அதன் கண்ணுக்கு மந்திர சக்தி இருக்கிறது என்று நம்பி அதைப் பிடித்து வதைத்த கொடுமையும் நடந்திருக்கிறது. சென்ற மாதம் ஒரு இரவு, டோர்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு குளக்கட்டோரம் நடந்தேன். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசச் செய்யும், சிவப்பு அவ்வளவாகத் தொந்தரவு கொடுக்காது. ஒரு வீரை மரத்தில் இரண்டு தணல்கள் அருகருகே தெரிந்தன. தணல்கள் அசைந்தன. ஒரு கை முன்னுக்கு வந்து கிளையைப் பற்றியது, பிறகு எதிர்ப்பக்கத்துக் கால், பிறகு அடுத்த கை. இலைகூட ஆடவில்லை. பழக்கத்தில் என் கண் வாலைத் தேடியது. தேவாங்குக்கு வெளியே தெரியும் வால் இல்லை. பின்னங்கால்கள் இரண்டாலும் கிளையைப் பற்றிக்கொண்டு அது முன்னுக்குச் சாய்ந்தது, இரு கைகளாலும் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தது. நான் டோர்ச்சை அணைத்தேன். இருட்டில் அது மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.