11.5 சென்டிமீட்டர்: பசிக்காலம் தொடங்குமுன் தாயின் கைக்கு வர வேண்டிய நாடா

வணக்கம். ஒரு தாளில் 11.5 சென்டிமீட்டர் நீளத் துண்டை வெட்டி, இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிப் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தையின் மேற்கை, அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதி, அதைவிட மெலிந்திருந்தால், அக்குழந்தை கடும் ஊட்டக்குறைவால் உயிராபத்தில் இருக்கிறது என்று பொருள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் முதன்மை உணவு, நாம் நன்கறிந்த கம்புதான். ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை, பழைய தானியம் தீர்ந்து புதிய விளைச்சல் வீடு வந்து சேராத பசிக்காலம் அங்கு ஆண்டுதோறும் வருகிறது. 2004இல் வறட்சியும் வெட்டுக்கிளியும் சேர்ந்து தாக்கியதால், 2005இல் அது பெரும் நெருக்கடியாக முற்றியது.

[காட்சி: பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் கொண்ட அளவு நாடா]

குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும் இந்த நாடாவில் என்னை வியக்கவைப்பது ஒன்று உண்டு. எடையை வைத்துக் கணிப்பதற்குத் தராசு வேண்டும். உயரமோ வயதோ தெரிய வேண்டும். ஆனால் இந்த வயதில் மேற்கையின் சுற்றளவு பெரிதாக மாறுவதில்லை என்பதால், பிறந்த தேதி எழுதிவைக்கப்படாத குழந்தைக்கும் ஒரே அளவுகோல் போதும். 11.5க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நிறத்தைப் பார்த்தே நிலைமையை அறிந்துகொள்வார்.

சிவப்பு வந்தால் என்ன செய்வது? முன்பு மருத்துவமனையில் வாரக்கணக்கில் தங்கவைத்துச் சிறப்புப் பால் கொடுத்தார்கள். அந்தப் பாலைக் கரைக்கச் சுத்தமான நீர் வேண்டும். கரைத்தபின் அது விரைவில் கெட்டுவிடும். 1990களில் பிரான்சில் ஊட்டச்சத்து மருத்துவர் ஆந்த்ரே பிரியான், உணவுப் பொறியாளர் மிஷேல் லெஸ்கான் ஆகிய இருவரும் உருவாக்கிய நிலக்கடலைப் பசை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், நுண்சத்துகள் ஆகியவை கலந்த 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கிலோகலோரி இருக்கிறது. அதில் ஈரம் மிகக் குறைவு என்பதால் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. நீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். குழந்தை பொட்டலத்திலிருந்தே உறிஞ்சி உண்ணலாம். நைஜரில் 2005இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்க முடிந்ததற்கு, அவர்களுள் பெரும்பாலோரை வீட்டிலேயே வைத்துத் தேற்ற முடிந்ததே காரணம்.

பேரிடர் ஆயத்தம் என்றதும் தானிய மூட்டைகளை மட்டும் எண்ணுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. கம்பங்கூழ் மட்டுமே உண்ணும் கைக்குழந்தைக்கு வயிறு நிறைந்தாலும் வளர்ச்சிக்குரிய சத்து போதாது. ஆகவே பசைப் பொட்டலங்களும் நாடாக்களும், மழை மண்சாலைகளைத் துண்டிக்குமுன், கிராமச் சுகாதார நிலையங்களில் இருந்தாக வேண்டும்.

நைஜரின் மிரியா மாவட்டத்தில் தாய்மாருக்கே அளக்கக் கற்றுக்கொடுத்தபோது, குழந்தைகள் நோய் முற்றுமுன் சிகிச்சைக்கு வந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய தேவையும் குறைந்தது. நாடாவோடு இன்னொரு சோதனையும் உண்டு: குழந்தையின் இரு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். இரண்டிலும் குழி மறையாமல் நின்றால், அது ஊட்டக்குறைவால் வந்த வீக்கமாக இருக்கலாம். நாடா பச்சையைக் காட்டினாலும், அன்றே குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.