காலண்டர் தாளின் பின்பக்கம்

[காட்சி: சமையலறைச் சுவரில் தினசரிக் காலண்டர். ஒரு கை நேற்றைய தாளைக் கிழிக்கிறது. பின்னணியில் குக்கர் சத்தம்.]

வணக்கம். காலை ஐந்தே முக்கால். குக்கர் இரண்டு விசில் அடித்துவிட்டது, மூன்றாவதுக்காக நின்றுகொண்டிருக்கிறேன். இந்த இடைவெளியில் நான் தினமும் செய்கிற ஒரு வேலையைத்தான் இன்றைக்குக் காட்டப்போகிறேன். நேற்றைய தாளைக் கிழிக்கிறேன். முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், சூலம், ராசிபலன். என் ராசிக்கு 'அலைச்சல்' என்று போட்டிருந்தது. அது எந்த நாளுக்கும் பொருந்தும், விடுங்கள். தாளைத் திருப்பினால் வெள்ளை. உள்ளங்கை அகலம். நேற்று கண்ணிலோ காதிலோ பட்ட ஏதாவது ஒன்றை அதில் ஒரே வரியில் எழுதுகிறேன். மூன்றாவது விசிலுக்குள் முடிந்துவிடும்.

நேற்றைய வரி இது: "பெரியவன் கேட்டான், ஏரோப்ளேன் இறங்க இறங்க நம்ம வீடு அவங்களுக்குப் பெருசாகிட்டே வருமா?"

நாங்கள் இருப்பது குரோம்பேட்டையில். மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தெரியும். இத்தனை வருஷமாக நான் அதைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எட்டு வயதுப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. எழுதி வைக்காவிட்டால் டிபன் பாக்ஸ் மூடுவதற்குள் மறந்திருப்பேன்.

[காட்சி: கடற்கரை ரயில் நிலையம், காலைக் கூட்டம். மின்சார ரயில் வந்து நிற்கிறது.]

என்னைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்கு எட்டு, சின்னவளுக்கு நாலு. கல்யாணத்துக்கு முன்னால் கதை எழுதுவேன், கொஞ்சம் படம் வரைவேன். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று இந்த வீடியோவைப் பார்க்கிற பாதிப் பேருக்குத் தெரியும். "பசங்க வளரட்டும், அப்புறம் எழுதிக்கலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். பெரியவன் வளர ஆரம்பித்ததும் சின்னவள் வந்துவிட்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் மனதைத் தேற்ற எல்லாரும் ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்வார்கள். என் ரயில் போய் நிற்கிற கடற்கரை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் துறைமுகம். 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தது அங்கேதான், மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டில். காகிதம் விலை அதிகம் என்று சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதும்போதும் இதே குமாஸ்தா வேலைதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கணக்கிலிருந்து தலை நிமிராமல் இருக்க, சோற்றைப் பிசைந்து கையில் கொடுக்க அம்மாவும் மனைவியும் வீட்டில் இருந்தார்கள். அந்தப் பகுதியை உற்சாகப் பேச்சாளர்கள் யாரும் சொல்வதில்லை. சோற்றைப் பிசைந்து கையில் கொடுக்கிற ஆளாக நாம் இருந்தால் என்ன செய்வது? எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கேள்விக்கு ஒரு பதில்.

பதில் என் வீட்டு வாசலிலேயே இருந்தது.

[காட்சி: வாசல் தெளித்த தரை. ஒரு வயதான கை புள்ளி வைக்கிறது. முகம் தெரியவில்லை.]

இது என் மாமியாரின் கை. நான் அத்தை என்று கூப்பிடுவேன். நாற்பது வருஷத்துக்கு மேல் தினமும் வாசலில் கோலம் போடுகிறார். ஒருநாளும் "எனக்கு இன்னைக்கு மூடு இல்லை" என்று சொல்லிக் கேட்டதில்லை. நேரம் இருந்தால் பதினைந்து புள்ளி, இல்லையென்றால் நாலு இழை. மார்கழியில் பெரிது, மழை நாளில் சின்னது. பத்து மணிக்குள் பைக் ஏறி அழிந்துவிடும். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் கிடையாது. மறுநாள் புதுசு.

கோலத்தைச் சாதாரணமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். எங்கள் ரயில் பாதையிலேயே, தாம்பரத்தில் இருக்கிறது மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது மாதிரி படத்துக்கும் இலக்கணம் எழுதி, அதைக் கணினியால் வரைய முடியும் என்பது அதன் சாரம். பிற்பாடு சிரோமணி, கோலம் போடும் பெண்கள் அத்தனை சிக்கலை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றும் ஆராய்ந்தார். சிக்குக் கோலத்தை அவர் ஏழே அசைவுகளாகப் பிரித்தார். நேராகப் போவது ஒன்று, வலப்பக்கம் வளைவதில் மூன்று, இடப்பக்கம் வளைவதில் மூன்று. இந்த ஏழு அசைவுகளை மாற்றி மாற்றி அடுக்கினால் கோலம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அத்தையின் கையைக் கவனித்தேன். அவர் கோலத்தை முழுசாக யோசிப்பதில்லை. அடுத்த வளைவை மட்டும்தான் யோசிக்கிறார். நானோ கதை என்றால் முழுக் கதை, படம் என்றால் முழுப் படம், அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவுக்குச் சமமாக என்னிடம் என்ன இருக்கிறது என்று தேடியதில்தான் காலண்டர் தாள் மாட்டியது.

இடையில் ஒன்று. கோலம் போட்டு எறும்புக்குச் சாப்பாடு போடுகிறோம் என்று பெருமையாகச் சொல்வோம். கடையில் வாங்குகிற கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு. எறும்பு ஏமாந்துபோகும். அத்தை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அரிசி மாவு எடுப்பார். "வாரத்துல ஒருநாளாவது அதுங்க சாப்பிடட்டும்" என்பார். என் தாள் ஒன்றில் அந்த வரியும் இருக்கிறது.

[காட்சி: ரயில் நிலைய நடைமேடை. செருப்புக் கால்கள் நடக்கின்றன.]

சரி, எழுத ஒன்றும் தோன்றாத நாளில் என்ன செய்வது? நடங்கள். இது பாட்டி வைத்தியம் மாதிரி கேட்கலாம், ஆனால் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாரிலி ஒப்பெஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பொருளை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்பது போன்ற கேள்விகளை, உட்கார்ந்திருப்பவர்களிடமும் நடப்பவர்களிடமும் கேட்டார்கள். நடந்தபோது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அளவுக்குக் கூடின. இதில் எனக்குப் பிடித்த விஷயம், மரம் செடி பார்த்து நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. அப்படியென்றால் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே நடப்பதும், ரயில் தாமதமானால் நடைமேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போவதும் கணக்கில் வரும். ஆனால் ஒரே ஒரு சரியான விடை இருக்கிற கேள்விகளுக்கு நடை உதவவில்லை. அதனால் வருமான வரிக் கணக்கை உட்கார்ந்தே போடுங்கள்.

நான் நடைமேடையில் போனை எடுப்பதில்லை. பெரிய விரதம் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் ஒரு கையில் பை, ஒரு கையில் டிபன் பாக்ஸ், மூன்றாவது கை கிடையாது.

[காட்சி: நெரிசலான பேருந்து. உட்கார்ந்திருப்பவர் மடியில் நாலைந்து பள்ளிக்கூடப் பைகள்.]

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தாள்களில் எழுத ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் சொன்னதுதான் அதிகம் இருக்கும் என்று நினைத்தேன். பாதிக்குப் பாதி, முன்பின் தெரியாத யாரோ யாருக்கோ செய்த உதவி.

சென்னைப் பேருந்தில் ஏறியவர்களுக்குத் தெரியும். நிற்கிற பிள்ளைகளின் பைகளை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். "பையைக் குடும்மா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை இருக்காது. சில நேரம் மடியில் பைகள் அடுக்கி, அந்த ஆளின் முகமே தெரியாது. கண்டக்டர் பின்னால் தன் சீட்டில் இருப்பார். முன்னால் நிற்பவர் பத்து ரூபாய்த் தாளை நீட்டி "ஒரு பல்லாவரம், பாஸ் பண்ணுங்க" என்றால் அது ஆறு கை மாறிப் பின்னால் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே ஆறு கை மாறித் திரும்பி வரும். சில்லறை குறைந்து நான் பார்த்ததில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருந்தாலும் அந்தச் சீட்டும் கை மாறித்தான் வருகிறது.

இதையெல்லாம் செய்கிறவர்கள் பெரிய உதவி என்று நினைப்பதே இல்லை. அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிகாகோவில் ஒரு பனிச்சறுக்குத் திடலுக்கு வந்தவர்களிடம், ஒரு கப் சூடான சாக்லேட் பானத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் அல்லது முன்பின் தெரியாத ஒருவருக்குத் தரலாம் என்றார்கள். வாங்கியவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று கொடுத்தவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். அப்புறம் வாங்கியவரிடமும் கேட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் ஊகம் குறைவாகவே இருந்தது. கொடுப்பவர் கணக்கில் அது ஒரு கப் சாக்லேட். வாங்குபவருக்கோ, யாரோ தன்னை நினைத்திருக்கிறார்கள்.

போன டிசம்பரில் ஒரு நாள். சின்னவளுக்குக் காய்ச்சல், தோளில் தூங்குகிறாள், ரயிலில் நிற்க இடமில்லை. எழுந்து இடம் கொடுக்க முடியாத அளவு நெரிசல். ஜன்னலோரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, கையை நீட்டிக் குழந்தையின் செருப்பைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது கீழே விழுந்துவிடும் என்று எனக்குப் பயம் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாம்பலத்திலிருந்து குரோம்பேட்டை வரை அந்தக் குட்டிச் செருப்பு மல்லிகைப் பூவுக்குப் பக்கத்தில் இருந்தது. இறங்கும்போது நான் நன்றிகூடச் சொல்லவில்லை, பதற்றம். தாளில் "செருப்பு, மல்லி" என்று இரண்டு வார்த்தை எழுதினேன்.

பெரியவனுக்கு அதைக் கதையாகச் சொன்னேன். செருப்பு தானாகவே ரயிலேறி ஊர் சுற்றப் போனதாக. அவன் படம் வரைந்தான். எட்டு வருஷத்துக்குப் பிறகு நான் முடித்த முதல் கதை அது. நீளம், மூன்று தாள்.

[காட்சி: பெசன்ட் நகர் கடற்கரை, மாலை. மணலில் மூங்கில் வேலி.]

வெளியே கூட்டிப்போக ஒரே ஓர் இடம் மட்டும் சொல்கிறேன். நம் கடற்கரைக்கு முட்டையிட வருகிற ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர். மீனவர்கள் காலண்டரைப் பார்த்து வைத்த மாதிரி ஒரு பெயர். ஜனவரியிலிருந்து சில மாதங்கள், மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவு முழுக்க மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்து, பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள். 1988-இலிருந்து இது நடக்கிறது. இரவு நடை சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். ஆனால் சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சு பொரிந்ததும் கடலில் விடுவார்கள், அதைப் பார்க்கலாம். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும், அதனால் போன் டார்ச்சை அணைக்கச் சொல்வார்கள். போனில் படம் எடுக்க முடியாததால் பெரியவன் வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரைந்தான். ஆமைக்கு ஆறு கால். கேட்டேன். "ஓடுறப்ப அப்படித்தான் இருந்துச்சு" என்றான்.

[காட்சி: மீண்டும் சமையலறை. தாள்கள் போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில். பக்கத்தில் காலண்டர்.]

தாள்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பிள்ளைகள் கண்ணை மூடி இரண்டு தாள் எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்து நான் ஒரு கதை சொல்ல வேண்டும். போன வாரம் செருப்பும் எறும்பும் வந்தன.

இன்னொரு விஷயம், வீடியோவில் பார்த்தவர்கள் கேட்பீர்கள். ஆமாம், எங்கள் காலண்டரில் தேதி ஒன்பது நாள் முன்னால் இருக்கிறது. முதல் காட்சியை எடுத்துவிட்டு நான் குளிக்கப் போயிருந்தபோது சின்னவள் ஸ்டூல் போட்டு ஏறி, ஒன்பது தாளைக் கிழித்து ஒன்பதின் பின்பக்கத்திலும் எழுதிவிட்டாள். எழுத்து இன்னும் தெரியாது, எல்லாம் சுழி. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது சிக்குக் கோலம்டி" என்கிறார். அவர் போனில் ராகு காலம் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது விசில் வந்துவிட்டது.