பீலிக்கரையில் கேட்ட சத்தம்

(தோட்ட வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)

மதிப்புக்குரிய சபைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாடசாலை அதிபர் அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, தோட்டத் தலைவர், தலைவிமாரே, இந்த மழையிலும் ஹட்டனில் கடையைச் சாத்திவிட்டு ஒலிபெருக்கியோடு வந்திருக்கும் வர்த்தகப் பெருமகனே, கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். அதிபர் அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த மண்டபத்தின் கூரைத் தகரத்தை மாற்ற மூன்று வருடம் அலைந்தவர் அவர். இன்று நாம் நனையாமல் உட்கார்ந்திருப்பது அவரால்தான். ஒருமுறை கைதட்டுங்கள்.

மூன்று விடயங்கள் பேச வந்திருக்கிறேன். ஒரு விமானி வானத்தில் கண்ட நெருப்பு, நம் தோட்டத்தில் நாம் கண்ட நெருப்பு, புறநானூற்றில் கூடலூர் கிழார் கண்ட நெருப்பு. எந்த மேடையிலும் நான் விடாமல் சொல்லும் பழமொழி இந்த மூன்றுக்கும் பொருந்தும்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

1948 ஜூலை 24, அதிகாலை 2.45 மணி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக்கு மேலே ஒரு டி.சி.3 பயணிகள் விமானம் ஐயாயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறது. ஓட்டியவர்கள் சைல்ஸ், விட்டட் என்ற இருவர். இரண்டு பேரும் உலகப்போரில் விமானம் ஓட்டியவர்கள், சும்மா பயப்படுகிற ஆட்களல்ல. எதிரே ஒரு ஒளிப்பிழம்பு பாய்ந்து வந்து, வலப்பக்கமாகக் கடந்து போகிறது. எல்லாம் சில விநாடிகள்தான். இறக்கையில்லாத சுருட்டுப் போல இருந்தது, இரண்டு வரிசை ஜன்னல் தெரிந்தது, பின்னால் தீ கக்கியது என்று இருவரும் சொன்னார்கள். விழித்திருந்த ஒரு பயணியோ பிரகாசமான ஒளிக்கீற்றை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அது எரிவிண்கல் என்று அமெரிக்க விமானப்படை பிற்பாடு பதிவு செய்தது. இன்றும் அதை ஏற்காதவர்கள் உண்டு.

அப்படியானால் ஜன்னல்? 1968 மார்ச் 3 அன்று ஒரு சோவியத் ரொக்கெட்டின் உடைந்த பாகங்கள் அமெரிக்க வானில் எரிந்தபடி போயின. பார்த்தவர்களில் சிலர் அதையும் ஜன்னல் வைத்த விண்கலம் என்றே எழுதிக்கொடுத்தார்கள். இருட்டில் நாலைந்து பொறிகள் ஒரே வேகத்தில் போனால், கண் அவற்றைக் கோர்த்து ஒரு உருவமாக்கிவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்பது அதுதான்.

சரி, நம் கதைக்கு வருவோம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மஸ்கெலியாப் பக்கம், ஏழு கன்னியர் மலை தெரிகிற தோட்டம். மார்கழி மாதம், விடிவதற்கு முன்பே பஜனை. கோயில் வாசலில் நிற்கிறோம். திடீரென்று பகல். தேயிலைச் செடி ஒவ்வொன்றுக்கும் நிழல் விழுந்தது, அந்த நிழல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. பாட்டு நின்றது. மலைக்கு அந்தப்பக்கம் அந்த வெளிச்சம் இறங்கி அணைந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார். தகரப் பீலியில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வந்து சேர்ந்தபோதுதான் சத்தம் கேட்டது. கல் உடைக்க வெடி வைத்தது மாதிரி ஒரு முழக்கம். பீலித் தகரம் அதிர்ந்தது இன்றும் காதில் இருக்கிறது.

உடனே ஒரு பெரியவர், “விமானம் விழுந்துவிட்டது” என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? 1974 டிசம்பர் 4 இரவு அந்த மலையில்தான் ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியப் பயணிகளின் விமானம் மோதி 191 பேரும் மாண்டார்கள். அந்த நினைவு ஆறாத ஊர் அது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டிய ஆண்கள் இருபது பேருக்கு மேல் கயிறு, கம்பளி, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் எடுத்துக்கொண்டு மலை ஏறினார்கள். “யாராவது உயிரோடு கிடந்தால்?” அவ்வளவுதான் அவர்கள் கேட்ட கேள்வி. மாலைவரை அட்டைக்கடியோடு தேடினார்கள். ஒரு தகரத்துண்டுகூட இல்லை. இறங்கி வந்தால், அன்றைய பேர், அதாவது ஒருநாள் சம்பளக் கணக்கு, இல்லை. அரைப்பேர்கூடப் போடவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பிழைக்கட்டும் என்று ஒருநாள் சோற்றை விட்டவர்கள் அவர்கள். அவர்கள் ஏறியதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. இந்த மேடையில் சொல்கிறேன்.

பல வருடம் கழித்து, ஆசிரியப் பயிற்சியில் பௌதிகம் படித்தபோது எனக்கு அந்தப் பீலி ஞாபகம் வந்தது. ஒளி உடனே வந்துவிடும், ஒலி ஒரு கிலோமீற்றர் போக ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். விடுமுறையில் ஊருக்குப் போய், கோயில் வாசலிலிருந்து பீலிவரை கடிகாரத்தோடு நடந்து பார்த்தேன். இரண்டு நிமிடம். 120 விநாடி, அதாவது சுமார் 40 கிலோமீற்றர். மலைக்கு அந்தப்பக்கம் விழுந்ததாக நாம் நினைத்தது உண்மையில் 40 கிலோமீற்றர் தொலைவில், வெகு உயரத்தில் வெடித்திருக்கிறது. இந்தக் கணக்கைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றபடியே போடலாம். போடத் தெரிந்த ஒருவர் அன்று தோட்டத்தில் இருக்கவில்லை.

தீர விசாரிப்பதே மெய். ஆனால் எதை வைத்து விசாரிப்பது? 2015 நவம்பர் 13 அன்று நம் இலங்கையின் தென்கடலுக்கு மேலே டபிள்யூ.டி.1190எஃப் என்ற விண்வெளிக் குப்பை எரிந்து விழுந்தது. அது விழப்போகும் நாளையும் நேரத்தையும் முன்பே கணித்து, விஞ்ஞானிகள் விமானம் ஏறிப்போய்ப் பட்டப்பகலில் அந்த நெருப்பைப் படம் பிடித்தார்கள். அதுவும் கணக்குத்தான். நம் பிள்ளைகளுக்கும் வரும் கணக்கு.

ஆனால் இந்தத் தோட்டத்துப் பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படிக்க ஆசைப்பட்டால், இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போக வேண்டும். பலர் போவதில்லை, கலைப் பிரிவில் சேர்ந்துவிடுகிறார்கள். கலைப் பிரிவு தாழ்ந்ததல்ல. விரும்பிப் போவது வேறு, வேறு வழியில்லாமல் போவது வேறு. இங்கே ஒரு ஆய்வுகூடம் வேண்டும், தமிழில் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். நான்கு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிரதேச சபை உறுப்பினர் அவர்கள் இங்கே இருப்பதால் மீண்டும் கேட்கிறேன்.

கூடலூர் கிழாருக்கு நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வாசலில் மேசைமேல் மகஜர் இருக்கிறது. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு வெள்ளிக்கிழமை போகிறது. எல்லோரும் கையெழுத்து வையுங்கள். கையெழுத்து வராத பாட்டிமாருக்குப் பக்கத்திலேயே மைப்பெட்டி வைத்திருக்கிறோம். அப்புறம், பிள்ளைகளே, டிசம்பர் 13 இரவு வானம் தெளிந்திருந்தால் கம்பளியோடு விளையாட்டு மைதானத்துக்கு வாருங்கள். ஜெமினிட் எரிகற்கள் விழும் இரவு அது. கடிகாரமும் கொப்பியும் நான் கொண்டுவருகிறேன்.

நன்றி, வணக்கம்.